கிணற்றுத் தண்ணியும் கொதிக்கிற காரும்

நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் யாழ்ப்பாண நகரத்துக்குள் பழைய கார் ஓட்டுகிறவர்களுக்குச் சோதனைக் காலம். கோயிலடியில் பருத்தித்துறை வீதியை மறித்துவிடுவார்கள். வாகனம் எல்லாம் அரசடி வீதி, ஆடியபாதம் வீதி, கச்சேரி நல்லூர் வீதி என்று பிரிந்து, ஒரு மினிபஸ் வந்தால் ஓட்டோ ஒதுங்கி நிற்கவேண்டிய ஒழுங்கைகளுக்குள் ஊரும். ஆவணி வெயில் வேறு. முன்னால் நிற்கிற பஸ்ஸின் சூட்டுக் காற்று நேரே கிறிலுக்குள் வரும். சூட்டு முள் மெல்ல மெல்ல வலப்பக்கம் சாயும். திருவிழா முடிந்தாலும் கதை முடிவதில்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஆஸ்பத்திரி வீதி, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கொக்குவிலில் புகையிரதக் கடவை மூடினால் காங்கேசன்துறை வீதி, எல்லா இடத்திலும் இதே கதைதான்.

என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெற். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடித்துவிட்டு ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார். குடாநாட்டில் அதிகம் காணாத சாதி. ஆனால் பொனற்றைத் திறந்து காட்டினால் எங்களூர்ப் பெரியவர்கள் உடனே சிரிப்பார்கள், உள்ளே இருப்பது அவர்களுக்குப் பழக்கமான 1098 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். 1962க்குப் பிறகு வந்த மொறிஸ் மைனர் 1000க்குள் இருப்பதும் இதுவேதான். மைனருக்கு ஒரு காபரேற்றர், 48 குதிரைவலு. மிட்ஜெற்றுக்கு இரண்டு எஸ்.யூ. காபரேற்றர், 59 குதிரைவலு. வலு கூடினால் சூடும் கூடும். அந்தக் கூடுதல் சூட்டை வெளியேற்ற மிட்ஜெற்றுக்கு இருக்கிறதோ மைனரைவிடத் தாழ்ந்த மூக்கு, நெருக்கமான எஞ்சின் அறை. மைனரோ, ஒஸ்ரின் ஏ40, ஏ35, கேம்பிறிட்ஜோ வைத்திருக்கிறவர்களுக்கும் நான் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

பழைய கார் நெரிசலில் சூடேறுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதல் வருகிற புத்திமதி ஒன்றுதான்: தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியுங்கோ. இரண்டாவது: பெரிய எலெக்ற்றிக் விசிறி ஒன்று பூட்டுங்கோ. இரண்டுக்கும் முன்னால், யாழ்ப்பாணத்தில் ஓடுகிற காரென்றால் அதற்குள் இருக்கிற தண்ணியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எனக்கு இந்த வழியைக் காட்டியவர் வலிகாமத்தில் ஒரு வயதான மெக்கானிக். ஏ40 கார்களோடேயே வாழ்ந்தவர். நான் காரைக் கொண்டுபோய் நிறுத்தினதும் பொனற்றைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"தம்பி, ஓடேக்க கொதிக்குதோ, நிக்கேக்க கொதிக்குதோ? அதை முதல் சொல்லும்."

"நிக்கேக்கதான் ஐயா. பரந்தன் பக்கம் நல்லா ஓடினா முள் அசையாது. ரவுணுக்குள்ள வந்தா ஏறுது."

"நிண்டாப் பிறகு ஓடத் துவங்கினா இறங்குதோ?"

"இறங்குது. ஆனா கெதியா இல்லை."

அந்தக் கடைசிப் பதிலைக் கேட்டுத்தான் தலையாட்டினார். நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கினதும் சட்டென்று இறங்கினால் குறை காற்றில். விசிறி, பெல்ற், றேடியேற்றரின் முன்முகம் இவற்றைப் பார்த்தால் போதும். வேகமாக ஓடும்போதும் ஏறினால் குறை தண்ணி ஓட்டத்தில்: அடைபட்ட றேடியேற்றர், தேய்ந்த வோட்டர் பம், சில வேளை ஊதிப்போன காஸ்கெற். என் காருடையது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. இறங்கத்தான் செய்தது, ஆனால் அரைமனதோடு. அப்படியென்றால் காற்றும் போதவில்லை, தண்ணிப் பக்கமும் பாதி அடைபட்டிருக்கிறது.

இதற்குள் இருக்கிற கணக்கை விளங்கிக்கொண்டால் பதற்றம் பாதி குறையும். றேடியேற்றர் எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்பது தண்ணிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் தங்கியிருக்கிறது. தண்ணி 85 பாகை செல்சியஸ் என்று வைப்போம். இங்கிலாந்தில் ஒரு நல்ல கோடை நாளில் காற்று 20 பாகை, வித்தியாசம் 65. யாழ்ப்பாணத்தில் காற்று 34 என்றால் வித்தியாசம் 51. தார் றோட்டுக்கு மேலே, பஸ்ஸுக்குப் பின்னால், தாழ்ந்த மூக்கோடு நிற்கிற காருக்குள் போகிற காற்று 45 பாகை என்றால் வித்தியாசம் வெறும் 40. காரில் ஒரு குறையும் இல்லாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேலான குளிர்விக்கும் சக்தி போய்விட்டது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் இந்த மாதிரிக் கார்கள் சிட்டாய்ப் பறக்கும். அங்கே இருக்கிற குளிர் காற்று இங்கே இல்லை. ஆகவே மற்ற ஊர்க்காரர் கவனிக்காமல் விடக்கூடிய சின்னக் குறையைக்கூட நாங்கள் விட்டுவைக்க ஏலாது.

இனித் தண்ணிக்கு வருகிறேன்.

எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி நிற்கும், அதைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம். அந்தத் தண்ணிக்குள் கரைந்திருக்கிற சுண்ணாம்பு என்ன செய்யும் என்பதற்கு எந்த வீட்டுக் குசினியிலும் அத்தாட்சி இருக்கிறது. தேத்தண்ணிக் கேத்தலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள், வெள்ளையாக, சுரண்டினாலும் போகாத ஒரு படை. காருக்குள்ளும் அதே தண்ணிதான், அதே சூடுதான். ஒவ்வொரு முறை கொதித்து ஆவியாகப் போகும்போதும் சுண்ணாம்பு உள்ளே தங்கும், நாங்கள் மேலும் கிணற்றுத் தண்ணி விடுவோம், அதன் சுண்ணாம்பும் தங்கும். அதோடு வார்ப்பிரும்பு எஞ்சினின் கறலும் சேரும். காரை ஐம்பது அறுபது வருடம் இப்படி ஓட்டினால், றேடியேற்றரின் மெல்லிய பித்தளைக் குழாய்களுக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐயா சிலிண்டர் புளொக்கின் பின்பக்கத்தில் இருக்கிற தண்ணி திறக்கிற சின்னப் பைப்பைத் திறந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. றேடியேற்றர் நிறையத் தண்ணி, இங்கே ஒன்றும் இல்லை. பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்து அந்த ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் குத்தினார். முதலில் கறல் மண் உதிர்ந்தது. பிறகு செம்மண் வயலில் நீர் பாய்ச்சும்போது வருகிற மாதிரிக் குழம்பாக வழிந்தது. கடைசியில்தான் தண்ணி. விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. ஏ-சீரிஸ் எஞ்சினில் வோட்டர் பம் முன்னால் இருக்கிறது, பின்பக்கத்து நாலாம் சிலிண்டரைச் சுற்றித் தண்ணி மெதுவாகத்தான் ஓடும். அதனால் அடையிற மண்டி எல்லாம் அங்கேதான் போய்ப் படியும். முன்பக்கத்துச் சூட்டை அளக்கிற முள் சாதாரண அளவைக் காட்டிக்கொண்டிருக்க, பின்னால் இரும்பு அதைவிடச் சூடாக இருக்கலாம்.

றேடியேற்றருக்கு அவர் வைத்த சோதனை இன்னும் எளியது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, விசிறி நின்ற பிறகு, உள்ளங்கையை றேடியேற்றர் முகத்தில் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை வரை மெதுவாகக் கொண்டுபோகச் சொன்னார். மேலே சுட்டது. கீழே இடப்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குக் கிட்டத்தட்ட வெறும் வெயில் சூடுதான் இருந்தது. அந்தப் பகுதிக் குழாய்களுக்குள் தண்ணியே போகவில்லை என்று அர்த்தம்.

கழற்றி, றேடியேற்றர் ஒட்டுகிற ஒருவரிடம் கொடுத்தோம். ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டு இடித்து, திரும்ப ஒட்டித் தந்தார். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. புதிய கார்களின் அலுமினியம், பிளாஸ்ரிக் றேடியேற்றரை யாரும் பிரித்து ஒட்டுவதில்லை, மாற்றிவிடுகிறார்கள். பித்தளை றேடியேற்றர் வைத்திருக்கிறவர்கள் இந்தக் கைகள் இருக்கும்போதே வேலையைச் செய்துகொள்ளுங்கள். எஞ்சினுக்குள் இருந்த சுண்ணாம்புக்குச் சிற்றிக் அமிலத்தைக் கரைத்து விட்டு, சூடாக்கி, வடித்து, நல்ல தண்ணியால் பலமுறை கழுவினோம். தேசிக்காய்ப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான், கடையில் தூளாக வாங்கலாம். அமிலத்தை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது, ஈய ஒட்டுகளைத் தின்றுவிடும்.

இப்போது காருக்குள் கிணற்றுத் தண்ணி போவதில்லை. பற்றறிக்கு விடுகிற வடிதண்ணியும் கூலன்றும் கலந்துதான். மாரியில் பிடிக்கிற மழைத்தண்ணியிலும் சுண்ணாம்பு இல்லை, வடிதண்ணி கிடைக்காத நேரத்தில் அது எவ்வளவோ மேல். எங்கள் ஊர் குளிரால் உறைகிற ஊர் இல்லை, கூலன்ற் எதற்கு என்று கேட்கிறார்கள். அது கறலைத் தடுக்கும், கொதிநிலையையும் கொஞ்சம் ஏற்றும். அதற்காகவே விட வேண்டும்.

மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துக் கார்ச் சூட்டைப் பற்றி எழுத முடியாது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றுபோனபோது, குடாநாட்டில் ஓடக்கூடியதாக மிஞ்சியவை இந்தப் பழைய பிரித்தானியக் கார்கள்தான். ஏ40இன் அமுக்க விகிதம் 7.2க்கு 1. அவ்வளவு குறைந்த அமுக்கத்தில்தான் மண்ணெண்ணெய் ஓரளவு ஒழுங்காக எரியும். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் கெதியில் தட்டும். தட்டாமல் இருக்க மெக்கானிக்மார் பொறி அடிக்கிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தது. ஆனால் கை பழகிப் போயிருந்தது. இன்றைக்கும் சில பழைய கார்களில் பொறி பிந்தித்தான் அடிக்கிறது. பிந்தி எரிகிற எரிபொருள் பிஸ்ரனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்ஸோஸ்ற் வழியையும் சிலிண்டர் கெட்டையும் சுடவைக்கும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு தண்ணிக்குள் வரும். உங்கள் கார் மெதுவான ஓட்டத்தில் சோம்பலாக இருந்து சூடும் ஏறினால், ஒரு ஸ்ட்ரோப் லைற் பிடித்து இதைப் பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

அந்தக் காலத்து நெரிசலைப் பற்றி ஐயா சொன்ன ஒன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது அவரும் ஒரு ஏ40ஓடு அந்தக் கூட்டத்துக்குள் நின்றார். மழை. காருக்குள் அவருடைய தாயாரும் பிள்ளைகளும். அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் எஞ்சினை ஓடவிட்டால் கொதிக்கும், மண்ணெண்ணெயும் முடியும். நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்கள். "கார் கொதிச்சா நிக்கும் தம்பி. அண்டைக்கு நிக்கேலாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காற்றுப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த பெரிய திருத்தம் விசிறியில். காரை நான் வாங்க முன்னரே யாரோ றேடியேற்றருக்கு முன்னால் ஒரு எலெக்ற்றிக் விசிறி பூட்டியிருந்தார்கள். நன்றாகச் சுழன்றது, சத்தமும் பலம். ஐயா ஒரு பழைய உதயன் பத்திரிகைத் தாளைக் கிழித்துக் கிறிலுக்கு முன்னால் பிடித்தார். தாள் கிறிலோடு ஒட்டவேண்டும். அது அவருடைய முகத்தை நோக்கிப் பறந்தது. 1965ஆம் ஆண்டு மிட்ஜெற்றில் பற்றறியின் நேர் முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய கார்களில் எதிர் முனை. வயர் பூட்டியவர் புதிய கார் என்ற நினைப்பில் பூட்டியிருக்கிறார், மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றது. எஞ்சினோடு சுழல்கிற விசிறி காற்றை உள்ளே இழுக்க, இது வெளியே தள்ள, நடுவில் றேடியேற்றர் வெந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு வயரையும் மாற்றிப் பூட்ட ஐந்து நிமிடமும் ஆகவில்லை. 1967க்கு முந்திய பிரித்தானியக் கார் வைத்திருக்கிற எல்லோரும் இந்தத் தாள் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

திருத்தின பிறகும் அந்த எலெக்ற்றிக் விசிறியை நான் முழுக்க நம்புவதில்லை. இந்தக் காரில் இருப்பது லூக்காஸ் சி40 டைனமோ. நல்ல வேகத்தில் ஓடும்போது தருவது 22 அம்பியர். நெரிசலில் எஞ்சின் முணுமுணுக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. விசிறி கேட்பதோ 8, 10 அம்பியர். இரவில் லைற்றும் போட்டால் பற்றறிதான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதனால் எஞ்சினில் இருந்த இரண்டு தகட்டு விசிறியைக் கழற்றி ஆறு தகடு உள்ளதைப் பூட்டினேன். சத்தம் கொஞ்சம் கூட, ஆனால் மெதுவான ஓட்டத்திலும் காற்றை இழுக்கிறது. எலெக்ற்றிக் விசிறி இப்போது கைச்சுவிச்சில், அவசரத்துக்கு மட்டும்.

மற்றது ஓட்டைகள். றேடியேற்றரைச் சுற்றி, பக்கத்திலும் மேலும், பழைய றப்பர் உக்கிப்போய் விரல் போகிற இடைவெளி இருந்தது. ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. நிற்கும்போது எஞ்சின் அறையில் சூடான காற்று அந்த இடைவெளியால் சுற்றி முன்னுக்கு வந்து, திரும்பவும் விசிறியால் இழுபடும். சைக்கிள் ரியூப்பை வெட்டி எல்லாவற்றையும் அடைத்தேன். சோளகக் காற்றுக் காலத்தில் வடக்குப் பார்த்து நிற்கும்போது, உதாரணமாகப் பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்திக்குப் போகும்போது, காற்று காரின் பின்னாலிருந்து வரும், விசிறிக்கு எதிராக. திரும்பி வரும்போது அதே நெரிசலில் முள் கொஞ்சம் கீழே நிற்கும். முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். கவனித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

தேர்மோஸ்ரற்றை நான் கழற்றவில்லை. 74 பாகையில் திறக்கிற ஒன்று போட்டிருக்கிறேன். அது நெரிசலில் முழுக்கத் திறந்துதான் இருக்கும், அதைக் கழற்றுவதால் நிற்கிற காருக்கு ஒரு நன்மையும் இல்லை. கழற்றினால் காலையில் எஞ்சின் சூடாக நேரமெடுக்கும், அதுவரை தேய்மானம்தான்.

றேடியேற்றர் மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் காருக்கு 7 இறாத்தல் மூடி. அது ஒழுங்காகப் பிடித்தால் தண்ணி 100இல் கொதிக்காது, ஏறக்குறைய 111 பாகை வரை தாங்கும். கேஜில் 212 என்று இருப்பது பரன்ஹைற் கணக்கு, அதுதான் 100 செல்சியஸ். முள் அந்த இடத்துக்குக் கிட்டப் போனால் கவனிக்க வேண்டும், ஆனால் கார் கொதித்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூடியின் றப்பர் உக்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். 15 இறாத்தல் மூடி போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். பழைய ஈய ஒட்டுகள் அதைத் தாங்காது.

நடுவழியில் முள் ஏறிவிட்டால் நியூற்றலில் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் இரையவிடுங்கள், 1500 சுற்று மட்டில். விசிறியும் பம்மும் கெதியாகச் சுழலும். முன்னால் நிற்கிற பஸ்ஸை ஒட்டாமல் ஒரு கார் அளவு இடம் விடுங்கள், பின்னால் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும். ஹீற்றர் உள்ள கார் என்றால் முழுக்கத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு சின்ன றேடியேற்றர்தான். எங்கள் ஊருக்கு வந்த பல கார்களில் அது பூட்டப்படவே இல்லை. அதற்கும் அடங்காவிட்டால் ஓரமாக்கி நிறுத்திப் பொனற்றைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு வாளியில் கிணற்றுத் தண்ணி கொண்டு வருவார். நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், கொதிக்கிற எஞ்சினுக்குள் ஊற்ற வேண்டாம். கெட் வெடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு இந்த முறை நல்லூர்க் கூட்டத்துக்குள் முள் 200 பரன்ஹைற்றைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு கரைச்சல் மிச்சம் இருக்கிறது. சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் திரும்ப எழுப்பினால் இருமுகிறது, சில வேளை நின்றுவிடுகிறது. தண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏ-சீரிஸில் காபரேற்றரும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்று. கீழிருந்து ஏறுகிற சூட்டில் காபரேற்றர்க் கிண்ணத்துக்குள் பெற்றோலே கொதித்துவிடுகிறது. இடையில் இருக்க வேண்டிய சூடு தடுக்கிற தகடு என் காரில் இல்லை. அலுமினியத் தகட்டில் வெட்டித் தர ஒருவர் சம்மதித்திருக்கிறார், அளவு மட்டும்தான் வேண்டும். இரட்டை எஸ்.யூ. காபரேற்றர் உள்ள மிட்ஜெற்றோ ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்றோ யாரிடமாவது அந்தத் தகட்டோடு இருந்தால், ஒரு கடதாசியில் வைத்து வரைந்து அனுப்புங்கள்.